பதினைந்தோ பதினாறோ

ஆல்தாவிலிருந்து வரவேண்டிய படக்காரருக்கு
இடுப்பு பிடித்துக்கொண்டது.
அதனால் நான்.
கலைமான் குட்டிகளுக்குக் காதில் குறி வெட்டிய நாளில்
எடுத்த ஆறு படங்களை மாரெத் பார்த்திருக்கிறாள்.
"அதே மாதிரி எடு, போதும்" என்றாள்
என் கல்லாவில் பால் பெட்டியை வைத்தபடி.
கலைமான்கள் கேட்டதில்லை,
மூக்கு பெரிதாகத் தெரிகிறதா என்று.

கௌதோகெய்னோவில் ஈஸ்டர் வாரம்தான் முகூர்த்தம்.
மந்தைகள் கடலோரம் புறப்படுமுன்
மனிதர்களுக்குக் கொஞ்சம் கை ஓய்கிற காலம்.
எண்ணூறு பேர் வருவார்கள்.
பாதிப் பேரை எனக்கு
வாங்கும் சாமானை வைத்துத் தெரியும்:
ஐந்து கிலோ சர்க்கரைக்காரர்,
நாய்த்தீனியும் லாட்டரிச் சீட்டும்,
எதை எடுத்தாலும் விலை கேட்டுத் திரும்ப வைப்பவள்.
முகம்?
கல்லாவில் யார் முகத்தைப் பார்க்கிறார்கள்.

கேமரா பனியை நம்பாது. அது முதல் பாடம்.
இத்தனை வெள்ளை இருக்க நியாயமில்லை என்று
தானே தீர்மானித்துச் சாம்பலாக்கிவிடும்.
ஒன்றரைப் படி ஒளி கூட்டச் சொன்னது கையேடு.
கூட்டினேன்.
பனி வெளுத்தது.
முன்னால் நிறுத்திவைத்த அண்ணன் ஆன்தேயும் சேர்ந்து வெளுத்தான்;
தொப்பி மட்டும் தனியே நின்றது.

குளிரில் பேட்டரி நாற்பது படத்துக்குமேல் தாங்காது.
மாற்றுப் பேட்டரியை மார்போடு அணைத்து வைக்க வேண்டும்,
கைக்குழந்தை போல.
வெளியிலிருந்து உள்ளே வந்தால் லென்ஸுக்கு வியர்க்கும்;
பையில் கட்டி இருபது நிமிடம் காத்திருக்க வேண்டுமாம்.
மாப்பிள்ளை காத்திருப்பாரா?
என் காக்தியில் குத்திய வெள்ளி வட்டுகள் வேறு
குனிந்தால் கிணுகிணுக்கும்.
கழற்றிவிட்டுப் போனால் அம்மா ஒரு வாரம் பேசமாட்டாள்.
பேசாத அம்மாவா, கிணுகிணுக்கும் ஜெபமா
என்று இன்னும் முடிவாகவில்லை.

வியாழக்கிழமை தேவாலயத்தைத் திறந்துவிட்டாள் எல்லே.
பெருக்கித் துடைக்கிற எல்லே.
ஃப்ளாஷ் அடிக்கக் கூடாதென்று போதகர் சொல்லிவிட்டார்.
இருப்பது ஜன்னல் வெளிச்சம்தான்;
ஒரு மணிக்குப் பீடத்தைத் தொட்டு
ஒன்றேமுக்காலுக்குப் போய்விடுகிறது.
"அங்கே நில் எல்லே. கொஞ்சம் இடதுபக்கம்.
யாரோ உனக்கு மோதிரம் போடுவதாக நினைத்துக்கொள்."
வாக்குவம் குழாயை ஊன்றிக்கொண்டு நின்றாள்.
எடுத்தேன், எடுத்தேன், இருநூற்றுப் பன்னிரண்டு தடவை.
எல்லாம் ஆடிப்போயிருந்தன, கடைசி ஒன்பதைத் தவிர.
அப்போதுதான் மூச்சை விட்டபின் அழுத்தக் கற்றிருந்தேன்.

குடும்பப் படத்துக்கு மாரெத் கொடுத்த பட்டியலில்
பதினைந்து பேர் பேனாவில்.
கீழே, பென்சிலில்,
நீல்லாஸ், ஒரு கேள்விக்குறி.
அவள் அப்பா.
பதினோரு வருஷமாக அவர் என் கல்லாப் பக்கம் வந்ததில்லை;
கிருனாவில் சுரங்க வேலை என்றார்கள்,
வேறு குடும்பம் என்றார்கள்.
நான் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.
கடை வாசலில் பதினைந்து பால் கூடைகளை வரிசையாய் வைத்து
எத்தனை அடி பின்னால் போக வேண்டுமென்று அளந்தேன்.
பிறகு இன்னொரு கூடையைக் கொண்டுவந்தேன்.
பதினாறுக்கு இரண்டடி கூடுதல்.
அந்த இடத்தில் பனிக்குவியல் இருக்கிறது.
வெள்ளிக்கிழமை இரவே வெட்டிவிட வேண்டும்,
அவர் வந்தாலும் வராவிட்டாலும்.

இப்போது மணி இரண்டு.
வயிற்றில் புளியைக் கரைக்கிறது.
பேட்டரிகள் நான்கும் பச்சை.
அட்டையில் இடம் வேண்டும்; பழையதை அழிக்கிறேன்.
அண்ணனின் தொப்பி போயிற்று. கூடைகள் போயிற்று.
எல்லே, எல்லே, எல்லே, ஆடிப்போன எல்லேக்கள்.

ஒன்றில் விரல் நிற்கிறது.
யாருக்கோ பதில் சொல்லப்போவதுபோல்
உதடு சற்றே பிரிந்திருக்கிறது.
ஜன்னல் வெளிச்சம் பாதிக் கன்னத்தில்.
குழாயை அவள் எப்போது கீழே வைத்தாள்?
நான் கவனிக்கவேயில்லை.

எண்ணூறு பேருக்கு
ஓர் இடம் குறைந்தால் குறையட்டும்.